வீட்டுக்கல்விக்கு அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

1. கோவைத் தாய்

அன்பின் சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் மகனுக்கு 10 வயது, மகளுக்கு 7 வயது. வரும் கோடை விடுமுறைக்குப் பிறகு இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கலாம் என்று நானும் கணவரும் ஜெபித்தும் பேசியும் ஏறக்குறைய முடிவுக்கு வந்திருக்கிறோம். எங்கள் சபையில் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தார், அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்பகம் ஒன்றின் இரண்டு வகுப்புகளுக்கான புத்தகங்களை முழுத் தொகுப்பாக எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அச்சும் படங்களும் அருமை. ஒவ்வொரு நாளும் கற்பிப்பவர் என்ன பேச வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள், கணக்குப் புத்தகத்தில்கூட வேத வசனம் இருக்கிறது. ஆனால் அளவைகள் எல்லாம் அங்குலம், பவுண்டு, காலன் என்று போகின்றன. சரித்திரப் புத்தகம், இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்களை ஏற்றிச் சென்ற மேஃபிளவர் கப்பலில் தொடங்குகிறது.

இந்தத் தொகுப்பையே முழுமையாகப் பின்பற்றலாமா, அல்லது பாடத்துக்குப் பாடம் வேறு வேறு நூல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? சட்டப்படி நமக்கு இடமிருக்கிறதா? பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்ன வழி? தமிழை எப்படி விட்டுப்போகாமல் காப்பது? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

2. டாலஸ்வாசி

சகோதரி, நாங்கள் டெக்சாஸில் மூன்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கிறோம். உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பகத்தின் நூல் என்பதைவிட, அந்த வகை நூல்கள் எந்தச் சூழலில் எழுதப்பட்டன என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும் என்பதால், அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

பள்ளியே நடத்துகிற ஜெபத்தையும் வேதவாசிப்பையும் அரசுப் பள்ளிகளில் அனுமதிக்க முடியாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1962-இலும் 1963-இலும் தீர்ப்பளித்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் பெருகின. தென் மாநிலங்களில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர வேண்டும் என்ற நிலை வந்தபோது அதை விரும்பாத பெற்றோர் தனியார் பள்ளிகளை நாடியதும் அந்தப் பெருக்கத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைப்பதில் பயனில்லை. அந்தப் பள்ளிகளுக்குப் புத்தகம் தேவைப்பட்டது. 1970-இல் ஏ.சி.இ. எனப்படும் 'ஆக்சலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்', 1972-இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் 'அபேகா', அதையடுத்து தென் கரோலைனாவில் 'பாப் ஜோன்ஸ்' பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் ஆகியவை இப்படித்தான் தோன்றின. வீட்டில் கற்பிக்கும் குடும்பங்கள் பெருமளவில் வாங்கத் தொடங்கியது 1980-களில்தான். எனவே இந்த நூல்களில் விசுவாசமும் அமெரிக்க தேசப்பற்றும் ஒன்றாகவே நெய்யப்பட்டிருக்கும். அமெரிக்காவில் வாழும் குடும்பத்துக்கு அது உறுத்தாமல் போகலாம். கோயம்புத்தூரில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு எது வேதம், எது அமெரிக்கா என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

வகைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அபேகாவும் பாப் ஜோன்ஸும் பள்ளியின் வகுப்பறையை வீட்டுக்குக் கொண்டுவருபவை: பாடநூல், பயிற்சிநூல், வாராந்தரத் தேர்வு. ஏ.சி.இ. முறையில் பிள்ளை சிறு சிறு பயிற்சிப் புத்தகங்களைத் தானாகவே முடித்து, விடைத்தாளை வைத்துத் தானே சரிபார்த்து, தேர்வெழுதி அடுத்ததற்குப் போகும். ஒரு பாடத்துக்கு ஓராண்டில் பன்னிரண்டு புத்தகங்கள். தாய்க்கு வேலை குறைவு, ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இந்த முறை பாரமாகிவிடும், ஏனென்றால் கற்பது முழுவதும் தனியே வாசிப்பதில்தான் இருக்கிறது. 'சன்லைட்' போன்றவை பாடநூலைக் குறைத்து, கதைகளையும் வாழ்க்கை வரலாறுகளையும் சேர்ந்து வாசிக்கச் சொல்பவை. 'ஆம்பிள்சைடு ஆன்லைன்' என்பது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இங்கிலாந்தின் ஷார்லட் மேசன் (1842–1923) வகுத்த முறையைத் தழுவியது.

எங்கள் வீட்டில் மேசனுடைய முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். நூற்பட்டியலை முழுவதும் எடுத்துக்கொள்ளவில்லை. சிறு பிள்ளைகளுக்குப் பாடம் ஒவ்வொன்றும் கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் போகாது. நல்ல நடையில் எழுதப்பட்ட ஒரு பகுதியை ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டுவோம், கேட்ட பிள்ளை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வி பதில் கிடையாது. வாசிப்பது ஆங்கிலத்தில் இருந்தாலும் திருப்பிச் சொல்வது தமிழில் இருக்கலாம் என்று வைத்தோம். தமிழ்ப் பள்ளிக்கு வாரம் ஒருமுறை அனுப்புவதைவிட இது அதிகப் பயன் தந்தது என்பது என் கணிப்பு.

கணக்கை மட்டும் மதச்சார்பைப் பார்க்காமல் தேர்ந்தெடுங்கள். சாக்சன் கணக்கு, பழையதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து புதியதைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும். 'மேத்-யு-சீ' ஒரு கருத்தை முழுவதும் தேறிய பிறகே அடுத்ததற்குப் போகும், கட்டைகளை வைத்துக் கற்பிக்கும். சிங்கப்பூர்க் கணக்கு பொருள், படம், எண் என்ற வரிசையில் செல்லும். அளவைகளும் நமக்குப் பழகிய மெட்ரிக். இவை மூன்றுக்குமே எந்த நிலையில் தொடங்குவது என்று கண்டறியும் இலவசத் தேர்வு இணையத்தில் இருக்கிறது. வகுப்பு எண்ணைப் பார்த்து வாங்காமல், அந்தத் தேர்வை எழுத வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

3. பாளை டீச்சர்

அன்பு மகளே, நான் திருநெல்வேலிப் பக்கத்தில் மிஷன் பள்ளி ஒன்றில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மாற்றுக் கருத்தை வைக்க விரும்புகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் நாட்டில் கிறிஸ்தவக் கல்வி வளர்ந்தது பிள்ளைகளை உலகத்திலிருந்து பிரித்ததால் அல்ல. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார், அடுத்த ஆண்டே அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. மிஷனரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் பள்ளிகள் எழுந்தன. கால்டுவெல் இடையன்குடியில் கோயில் கட்டிக்கொண்டே பள்ளியும் நடத்தினார். அங்கே எந்தச் சாதிப் பிள்ளை பக்கத்தில் உட்காருவது என்பதே சண்டையாக இருந்த காலத்தில், ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததுதான் அந்தப் பள்ளிகள் செய்த பெரிய போதனை. வேதபாட நேரம் வாரத்தில் சில மணிதான். பெஞ்சு நாள் முழுவதும் இருந்தது. அந்தப் பெஞ்சை விட்டு நம் பிள்ளைகளை எழுப்பி வீட்டுக்கு அழைத்துப் போகும்போது எதற்காக அழைத்துப் போகிறோம் என்று நமக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளியில் ஜெபம் இல்லையென்று பிரிந்தார்கள் என்று டாலஸ் தம்பி எழுதியிருக்கிறார். கோவையில் என்ன காரணம்?

4. கோவைத் தாய்

டீச்சர் அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, கோபமில்லை. எங்கள் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு பழகக் கூடாது என்ற எண்ணம் எங்களுக்கு இல்லை. மகன் வகுப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறான். ஆங்கிலத்தில் ஒரு பத்தியை வாசித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது. வாய்மொழியாகக் கேட்டால் எல்லாம் சொல்கிறான். வகுப்பில் ஐம்பது பேருக்கு நடுவே அவனைக் கவனிக்க ஆளில்லை. வீட்டுக்கு வந்தால் இரவு பத்து மணி வரை வீட்டுப்பாடம். குடும்ப ஜெபத்துக்குக்கூட அவன் கண் திறந்திருப்பதில்லை. வேதத்தை எங்கள் கையால் கற்பிக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டுதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை.

5. தோமா, பெங்களூரு

நான் வீட்டில் கற்று வளர்ந்தவன், இப்போது பொறியியல் படிப்பு முடித்து வேலையில் இருக்கிறேன். சட்டத்தையும் தேர்வையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை அனுமதிப்பதாகவோ தடுப்பதாகவோ வெளிப்படையாகவும் சொல்லவில்லை. இந்தியாவில் வீட்டில் கற்பிக்கும் குடும்பங்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடமாடுகின்றன. ஜெர்மனியைப் போல இங்கே முழுத்தடை இல்லை. அங்கே மதக் காரணத்துக்காக விலக்குக் கேட்ட கிறிஸ்தவக் குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2006-இல் ஏற்கவில்லை. டெக்சாஸைப் போல நீதிமன்றம் உறுதி செய்த உரிமையும் நமக்கு இல்லை. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பள்ளியில் இல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. ஓரிரு ஆண்டு வீட்டில் வைத்துவிட்டு மீண்டும் பள்ளிக்கு அனுப்ப நேர்ந்தால் அது உதவும். பள்ளியை விடும்போது மாற்றுச் சான்றிதழை மறக்காமல் வாங்கிவிடுங்கள், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேர்வுக்கு மூன்று வழிகள் உண்டு. அதிகம் பேர் போவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் நிறுவனம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து பாடங்கள் போதும், ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு. ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை, ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் பிரித்து எழுதலாம். தமிழ்வழியிலும் எழுதலாம். சிறிய வயதினருக்கு 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகளும் இருக்கின்றன. இரண்டாவது, தமிழ்நாட்டின் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்பை எழுதலாம், பிறகு பத்தாம் வகுப்பு. மூன்றாவது கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ., பத்தாம் வகுப்பு நிலையிலான சர்வதேசத் தேர்வு. தனித்தேர்வராக எழுத இடம் தரும் மையத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், பாடத்துக்குப் பாடம் கட்டணமும் அதிகம். ஆனால் அறிவியலில் ஆய்வகச் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாள் ஒன்றை எழுதும் வசதி இருப்பதால் வீட்டில் படிப்பவர்கள் அதை நாடுகிறார்கள்.

இதில் நூல்தேர்வுக்கு என்ன சம்பந்தம் என்றால், 12 வயது வரை எந்த நூலை வைத்துக் கற்பித்தாலும் பெரிய கேடில்லை, அதற்குப் பிறகு எழுதப்போகும் தேர்வின் பாடத்திட்டம்தான் தலைமை நூல். அமெரிக்கத் தொகுப்பைப் பத்தாம் வகுப்பு வரை இழுத்துக்கொண்டுபோய், கடைசி ஆண்டில் தேர்வுப் பாடத்தைத் திணித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இரட்டைச் சுமை சுமந்தார்கள்.

6. ஓரத்தில் நிற்பவன்

அபிப்பிராயம் சொல்ல எனக்கு அனுபவமில்லை, ஒரு கேள்வி மட்டும். இந்தக் கிறிஸ்தவ அறிவியல் நூல்கள் பூமிக்கு ஆறாயிரம் வயது என்று கற்பிப்பதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளை நாளை தேர்வில் என்ன எழுதும்?

7. வேலூர் உயிரியல்

சகோதரர் கேட்ட கேள்வி இந்த இழையில் வந்தே தீர வேண்டியது. நான் கல்லூரியில் உயிரியல் கற்பிக்கிறேன், சபையில் ஞாயிறு பள்ளியும் நடத்துகிறேன்.

அமெரிக்காவில் வீட்டுக்கல்விக்கென விற்கப்படும் கிறிஸ்தவ அறிவியல் நூல்களில் பெரும்பாலானவை, ஆதியாகமத்தின் ஆறு நாள்களை இருபத்துநான்கு மணி நேர நாள்களாகக் கொண்டு, பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் என்ற நிலைப்பாட்டில் எழுதப்பட்டவை. அபேகாவும் பாப் ஜோன்ஸும் 'அப்போலோஜியா' என்ற பதிப்பகமும் அந்த வரிசையில் அடங்கும். இது கிறிஸ்தவர்கள் எல்லாருடைய நிலைப்பாடும் அல்ல. எல்லாக் காலத்துக்கும் உரியதும் அல்ல. டார்வினின் நண்பரும் அவருடைய கருத்தை அமெரிக்காவில் ஆதரித்தவருமான தாவரவியலாளர் ஆசா கிரே ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் காலின்ஸும் அப்படித்தான். கத்தோலிக்கத் திருச்சபை பரிணாமத்தைத் தடுக்கவில்லை. இந்தியாவில் நம் மிஷன் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் தலைமுறை தலைமுறையாகப் பரிணாமம் கற்பித்த பேராசிரியர்களில் சபையின் மூப்பர்களும் இருந்தார்கள்.

எது சரி என்று இங்கே விவாதித்து முடிக்க முடியாது, நான் அதற்கு வரவுமில்லை. என் நிலைப்பாடு வெளிப்படையானது: பூமி பழையது, உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை, இவற்றைப் படைத்தவர் தேவன் என்று நம்புகிறேன். மாறாக நம்புகிற பெற்றோருக்கும் என் ஆலோசனை ஒன்றுதான். நூலை வாங்குவதற்கு முன் பூமியின் வயதைப் பேசும் நிலவியல் பாடத்தையும் உயிரியலில் மரபியலுக்கு அடுத்து வரும் பரிணாமப் பாடத்தையும் திறந்து பாருங்கள். தன் கருத்துக்கு எதிரான கருத்தை அதை நம்புகிறவர்களே ஏற்கும் விதத்தில் அந்த நூல் எடுத்துரைக்கிறதா, அல்லது எளிதில் தள்ளிவிடும்படி ஒரு பொம்மையைச் செய்து நிறுத்தியிருக்கிறதா? இரண்டாவது வகை நூலைப் படித்த பிள்ளைகள் கல்லூரிக்கு வந்து உண்மையான வாதத்தை முதன்முதலில் கேட்கும்போது, நூலை மட்டுமல்ல, அதைக் கொடுத்த வீட்டையும் சந்தேகிக்கிறார்கள். இதை வகுப்பறையில் நேரில் பார்க்கிறேன்.

தேர்வைப் பொறுத்தவரை, என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி 2023-இல் நீங்கிவிட்டது, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் உயிரியலில் இயற்கைத் தேர்வு ஒரு பாடம். நீட் எழுத எண்ணும் பிள்ளை இதைக் கற்காமல் தப்ப முடியாது. 'தேர்வில் ஒன்று எழுது, மனதில் வேறொன்று வை' என்று சொல்லிக்கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 'அறிவியலாளர்கள் இந்தச் சான்றுகளைக் கொண்டு இப்படி முடிவு செய்கிறார்கள். அதை நீ பிழையில்லாமல் விளக்கத் தெரிந்துகொள். நம் வீட்டில் இதைப் பற்றி இப்படி நம்புகிறோம், காரணம் இது' என்று சொன்னால் பொய் எங்கும் இல்லை.

8. டாலஸ்வாசி

வேலூர் ஐயாவின் நிலைப்பாட்டோடு நான் முழுவதும் உடன்படவில்லை. எங்கள் வீட்டில் ஆதியாகமத்தை நேர்ப்பொருளில்தான் வாசிக்கிறோம். ஆனால் நூலைச் சோதிக்க அவர் சொன்ன அளவுகோலை ஏற்கிறேன். எங்கள் மூத்த மகளுக்கு உயிரியலில் இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துத்தான் கற்பித்தோம்.

9. சிங்கைத் தமிழ்

சிங்கப்பூர் நிலையைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் கற்பிக்க வேண்டுமானால் கல்வி அமைச்சிடம் பாடத்திட்டத்தை ஒப்படைத்து விலக்குப் பெற வேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதி, தேசியப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண் வரிசையில் கீழிருந்து 33-ஆவது விழுக்காட்டு நிலையையாவது எட்ட வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியலோடு தாய்மொழியும் ஒரு பாடம் என்பதால், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் எதை விட்டாலும் தமிழை விட முடியாது. அந்தக் கட்டாயம் எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது.

கோவைச் சகோதரி தமிழைப் பற்றிக் கேட்டதற்குப் பெரிதாக யாரும் பதில் சொல்லவில்லை. அமெரிக்கத் தொகுப்பில் தமிழ் இருக்கப்போவதில்லை. ஆகவே காலையில் அதற்கு முதலிடம் கொடுக்காவிட்டால் மாலையில் அதற்கு நேரமே இருக்காது. நாங்கள் வேதபாடத்தைத் தமிழுக்கு மாற்றிவிட்டோம். வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பின் நடை சிறுவர்களுக்குக் கடினம் என்று பலர் தயங்குகிறார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு எளிமையாக இருப்பதால் கதைப்பகுதிகளை அதில் வாசித்தோம், சங்கீதங்களையும் மனன வசனங்களையும் பழைய நடையிலேயே வைத்துக்கொண்டோம், ஏனென்றால் பாட்டியோடு சேர்ந்து சொல்ல வேண்டும். கீர்த்தனைகளைக் குடும்ப ஜெபத்தில் பாடுகிற வீட்டுப் பிள்ளைக்கு எதுகையும் மோனையும் சொல்லிக்கொடுப்பது எளிது; தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் ஒரு கீர்த்தனையை எடுத்து அடிக்கோடு போடச் சொன்னாலே போதும்.

வாசிப்புக்கு 'பிரதம் புக்ஸ்' நடத்தும் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எல்லா வகுப்புத் தமிழ் நூல்களையும் இணையத்தில் பதிவிறக்கலாம். கிறிஸ்தவச் சிறுவர் நூல் என்று தமிழில் வருபவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்பட்டவை, தமிழ் கெட்டிருக்கும். நல்ல தமிழில் எழுதப்பட்ட மதச்சார்பற்ற கதை அதைவிட மேல் என்பது என் எண்ணம். இதில் என் கணவருக்கே உடன்பாடு இல்லை.

10. பாளை டீச்சர்

மகனுடைய நிலையைப் படித்த பிறகு என் ஆட்சேபத்தைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெஞ்சைப் பற்றிச் சொன்னதை மட்டும் விடவில்லை. விளையாட்டோ இசையோ எதுவாவது ஒன்றை, சபைக்கு வெளியே, எல்லாப் பிள்ளைகளும் வருகிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரித்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் புத்தகம் மேஃபிளவரில் தொடங்குகிறது என்றீர்கள். அந்தக் கப்பல் அமெரிக்காவின் பிளிமத் கரையை அடைந்தது 1620. அதே 1620-இல்தான் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பாடத்தை எறிய வேண்டாம், அதன் பக்கத்தில் இதை வையுங்கள். கோட்டை இன்றும் நிற்கிறது. கடற்கரையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது அந்த ஊரில், 1714-இல் தொடங்கி. அச்சுக்கூடம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் வார்க்கப்பட்டன, அவை பெரிதாக இருந்து காகிதம் போதாததால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள், பிறகு பொறையாற்றில் காகித ஆலையே வைத்தார்கள். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது; இதில் அறிவியலும் கணக்கும்கூட இருக்கின்றன. வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடநூல்களில் இந்தியா பெரும்பாலும் மிஷனரி போய்ச் சேர்ந்த இடமாக மட்டுமே வரும். வந்தவரின் பெயர் இருக்கும். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இருக்கமாட்டார். சீகன்பால்கு தரங்கம்பாடித் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகியவர் என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாநிலப் பாடநூலின் சமூக அறிவியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அந்தந்தப் பாடத்தில் சபையின் கதை எங்கே வருகிறதோ அங்கே சேர்த்துக்கொள்வது போதும். கிறிஸ்தவச் சரித்திரம் என்று தனிப் புத்தகம் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

11. தோமா, பெங்களூரு

டீச்சர் சொன்னதோடு ஒன்று. நான் படித்த தொகுப்பில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் வரிசையை மனப்பாடம் செய்தேன். இன்றும் ஒப்பிப்பேன். சோழர் வரிசையைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் கற்றேன்.

12. கோவைத் தாய்

எல்லாருக்கும் நன்றி. ஆக, கணக்குக்கு மெட்ரிக் அளவைகள் உள்ள நூல், சரித்திரத்துக்கு மாநிலப் பாடநூல், வேதமும் தமிழும் சேர்ந்து காலையில், கையில் உள்ள தொகுப்பிலிருந்து ஆங்கில இலக்கணமும் கையெழுத்தும் என்று ஓர் உருவம் வருகிறது. அறிவியலுக்கு வேலூர் ஐயா சொன்னபடி அந்தப் பாடங்களைத் திறந்து பார்த்தேன். மறுதரப்பைப் பற்றி இரண்டே வரிகள் இருந்தன. அந்த நூலை இப்போதைக்கு எடுக்கவில்லை.

மகனுக்குப் பொருத்தமான வாசிப்பு நூல் எது என்பதுதான் மீதமிருக்கும் கேள்வி. ஐந்தாம் வகுப்பு ஆங்கில வாசிப்பு நூலை அவனால் தொட முடியவில்லை.

13. வேலூர் உயிரியல்

சகோதரி, நூலைத் தேடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வாய்மொழியாக எல்லாம் சொல்கிறான், வாசிக்கும்போது மட்டும் உடைந்துபோகிறான் என்று 4-ஆம் பதிவில் எழுதியிருந்தீர்கள். அது டிஸ்லெக்சியாவாக (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கலாம், பார்வைக் குறையாகவும் இருக்கலாம், ஆங்கிலத்தை ஒலியறியாமல் மனப்பாடமாகவே கற்பித்ததன் விளைவாகவும் இருக்கலாம். முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு, அவனுக்குப் பழக்கமில்லாத ஓர் எளிய தமிழ்ப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட மிகவும் சீரானது. தமிழை ஓரளவு சரளமாக வாசித்து ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால், ஆங்கில ஒலிப்பயிற்சியின் குறையே முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டிலும் தடுமாறினால் தாமதிக்காமல் முறையான மதிப்பீடு செய்ய வேண்டும். வீட்டில் செய்யும் இந்தச் சோதனை மதிப்பீட்டுக்கு மாற்று ஆகாது, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளில் சிலர் தமிழைச் சமாளித்துவிடுவதும் உண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் மதிப்பீடும் செய்கிறது, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சியும் தருகிறது. கோவையில் கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் மருத்துவ உளவியலாளர் யார் என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைப்பார்கள்.

14. டாலஸ்வாசி

எங்கள் இரண்டாமவனுக்கு டிஸ்லெக்சியா உண்டு. வேலூர் ஐயா சொன்னபடி மதிப்பீடு முடியும் வரை வாசிப்பு நூல் எதையும் வாங்காதீர்கள். டிஸ்லெக்சியா என்று உறுதியானால், 'ஆர்ட்டன்–கில்லிங்ஹாம்' அணுகுமுறையில் அமைந்த பயிற்சியைத் தேடுங்கள். 1930-களில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் உருவாக்கியது. ஒலி, எழுத்து, கையசைவு மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்தி, ஒரு விதி மனதில் நின்ற பிறகே அடுத்த விதிக்குப் போகும். வயதுக்கேற்ற வகுப்பு நூலை வைத்து வாசிக்க வைப்பதை அந்தப் பயிற்சி நடக்கும் காலத்தில் நிறுத்திவிடலாம். கதையும் சரித்திரமும் அறிவியலும் நீங்கள் வாசிக்க அவன் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். வேத வசனத்தையும் அப்படியே, கேட்டு மனனம் செய்யட்டும்.

குடும்ப ஜெபத்தில் முறைவைத்து வசனம் வாசிக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அவன் முறை வரும்போது வாசிக்கச் சொல்லாமல் முந்தின நாள் வசனத்தைப் பாராமல் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம், அவன் மட்டும் தனியாகத் தெரிய வேண்டாம் என்பதற்காக.

15. கோவைத் தாய்

தமிழ்ப் பத்தியைக் கொடுத்துப் பார்த்தேன். அதிலும் தடுமாறுகிறான், எழுத்துகளை இடம் மாற்றி வாசிக்கிறான். கண் மருத்துவரைப் பார்த்தாகிவிட்டது, பார்வையில் குறையில்லை என்றார். மதிப்பீட்டுக்கு நாள் கேட்டிருக்கிறோம். வகுப்பாசிரியரின் குறிப்பும் பள்ளியின் பழைய விடைத்தாள்களும் வேண்டும் என்கிறார்கள். ஆகவே அது முடியும் வரை மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவில்லை. மகளுக்கு மட்டும் மேத்-யு-சீயின் நிலைத்தேர்வை எழுத வைத்தோம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நிலையிலிருந்தே தொடங்கச் சொல்லி வந்திருக்கிறது. இது வழக்கம்தானா?

16. டாலஸ்வாசி

வழக்கம்தான் சகோதரி. அந்த வரிசையில் நிலைகளுக்கு வகுப்பு எண்ணே கிடையாது, ஓரிலக்கக் கூட்டலும் கழித்தலும் ஒரு நிலை, பல இலக்கக் கூட்டலும் கழித்தலும் அடுத்த நிலை, பிறகு பெருக்கல், வகுத்தல் என்றே போகும். கூட்டலைத் தேறியிருந்தால் பாதி ஆண்டுக்குள் முடித்துவிடுவாள். கட்டைகளை மட்டும் புதிதாக வாங்காமல், சபையில் யாரிடமாவது பழையது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.